வலி என்னும் காவற்காரன்

கோயில் வாசலில் கழற்றி விட்ட செருப்பைப் பற்றி நாம் படுகிற கவலையில் பாதியாவது, அந்தச் செருப்பிலிருந்து வெளியே வந்த காலைப் பற்றிப் படுகிறோமா என்பது எனக்குச் சந்தேகம். சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் மனத்தின் ஒரு மூலை வாசலிலேயே காவல் நிற்கிறது. காலோ சுடுகிற கல்லையும் குத்துகிற சரளையையும் தாங்கிக் கொண்டு, பேசாமல் நம்மைச் சுமந்து திரிகிறது. முகத்துக்கு எத்தனை உபசாரம்! தலைமுடிக்கு எத்தனை தைலம்! உள்ளங்காலைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

இந்த எண்ணம் எனக்கு வந்த இடம் சேர்வராயன் கோயில். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, காப்பித் தோட்டங்களை வேடிக்கை பார்த்து, கடைசியில் வந்து சேருகிற இடம் அது. மலைத்தொடரின் உச்சி, உயரம் 5,326 அடி. உச்சி என்றால் கூர்மையான சிகரம் அல்ல. பந்தடிக்கலாம் போன்ற விசாலமான சமதரை. காற்று ஆளைத் தள்ளும். கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயரும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்புறத்து மலைக் கிராமங்களிலிருந்து 'மலையாளிகள்' திரண்டு வருவார்கள். மலையாளிகள் என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள், அவ்வளவுதான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்ததாகவும், மூத்தவர் இந்த மலையில் தங்கிவிட, தம்பிமார் கொல்லிமலை முதலான பக்கத்து மலைகளுக்குப் போனதாகவும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அந்தக் கணக்கில் அண்ணன் தம்பி உறவு. இந்த உறவைச் சற்று ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அங்கே ஒரு பாறை மேல் ஒரு தாய் தன் மகன் காலை மடியில் தூக்கிவைத்துக் கொண்டு முள் எடுத்துக் கொண்டிருந்தாள். "அசையாதே சாமி, தா வந்திருச்சு, அசையாதே" என்று அவள் சொல்ல, பையன் மலை அதிரக் கத்தினான். முள் வந்தது. எச்சில் தொட்டுத் துடைத்து விட்டாள். பையன் அழுகையை நடுவிலேயே நிறுத்திவிட்டு ஓடிப் போனான். (எச்சில் வைத்தியத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. சோப்பும் சுத்தமான தண்ணீருமே மேல்.)

முன்னெல்லாம் கிராமத்துப் பெரியவர்கள் அரைஞாணில் ஒரு முள்வாங்கியைத் தொங்க விட்டிருப்பார்கள். அதை நாட்டுப்புறத்துப் பழைய சாமான் என்று இன்று சிரிக்கிறோம். ஆனால் முள் என்பது சிரிக்கிற விஷயம் அல்ல. 1842-ஆம் ஆண்டில் மதுரையில் இருந்த கில் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒரு விநோதமான கால் வியாதியைப் பற்றி எழுதி வைத்தார். பாதம் மெல்ல மெல்ல வீங்கும்; ஆண்டுக் கணக்கில் வீங்கும்; பிறகு பல இடங்களில் துளை விழுந்து, சீழோடு கசகசா மணிபோலச் சிறு குருணைகள் வெளிவரும். வைத்தியப் புத்தகங்களில் அதற்கு 'மதுரைக் கால்' என்றே பெயர் நிலைத்து விட்டது. மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் பேர் போன ஊருக்கு உலக வைத்தியர்கள் தந்த கௌரவம் இது! சூடான் தேசத்திலும் மெக்ஸிகோவிலும் அதே வியாதி உண்டு. ஆனால் பழி மதுரைக்கு. பம்பாயில் இருந்த கார்ட்டர் என்பவர் 1860-இல் இது ஒரு வகைப் பூஞ்சையின் வேலை என்று கண்டு சொன்னார். 'கிரேயின் உடற்கூற்று நூல்' என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் சொல்லுகிறார்களே, 1858-இல் வந்த அந்தப் புத்தகத்தின் படங்களை வரைந்தவரும் இதே கார்ட்டர்தான். சில சமயம் பூஞ்சைக்குப் பதிலாக நுண்கிருமியும் இந்த வேலையைச் செய்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. எதுவானாலும், மண்ணில் கிடந்து, முள் குத்திய வழியே காலுக்குள் குடியேறுகிறது.

இந்த வியாதியில் என்னைத் திடுக்கிட வைத்த சமாசாரம் வேறு. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் உழவன் நடந்து கொண்டே இருக்கிறான், உழுது கொண்டே இருக்கிறான். வைத்தியரிடம் வரும்போது எலும்பு வரைக்கும் போயிருக்கும். முள் குத்தியபோது மலை அதிரக் கத்தினானே அந்தப் பையன், அவன் பாக்கியசாலி.

இனித் தம்பி மலைக்குப் போவோம். 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி பிறந்த ஓர் ஆங்கிலக் குழந்தை கொல்லிமலையில் வளர்ந்தது. தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட், தாயார் ஈவ்லின். இருவரும் மதப் பிரசாரத்துக்காக மலையேறியவர்கள். குழந்தையின் பெயர் பால். பையன் மலையாளிப் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி, மரத்துக்கு மரம் தாவி வளர்ந்தான். தாயார் கொடுத்த கணக்கைக்கூட மரக்கிளையில் உட்கார்ந்துதான் போடுவானாம். போட்டு முடித்த தாளைக் கீழே நழுவ விடுவானாம். அப்படி ஒரு பள்ளிக்கூடம் நமக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது.

தகப்பனார் பாதி வைத்தியர். அந்தக் காலத்தில் மலைவாசிகளை வாட்டி எடுத்தது நரம்புச் சிலந்தி. குளத்துத் தண்ணீரிலே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. அதன் வயிற்றிலே புழுவின் குஞ்சு. அதைக் குடித்து ஓர் ஆண்டு கழித்து, இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழு காலில் கொப்புளமாகத் தலை நீட்டும். கால் நெருப்பாக எரியும். எரிகிற காலைக் குளத்தில் வைத்தால் சுகமாக இருக்கும். வைத்த மாத்திரத்தில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். மறுபடியும் ஊர் முழுவதும் அதைக் குடிக்கும். என்ன சாமர்த்தியம் பாருங்கள், நம் வலியையே தன் வம்ச விருத்திக்கு வாகனமாக்கிக் கொண்ட புழு! ஜெஸ்ஸி பிராண்ட் அந்தப் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்து விடாமல் இழுத்து எடுப்பார். குளத்தில் கால் வைக்காதீர்கள், தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லுவார். பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான். இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி 1996-இல் ராஜஸ்தானத்தில் வெளிவந்தது; 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டில் அந்த நோய் ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. வடிகட்டின துணிதான் இந்த வெற்றியில் பெரிய ஆயுதம். அதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பு ஊசியும் கிடையாது.

ஒரு நாள் மூன்று அயலார்கள் மலைவீட்டு வாசலுக்கு வந்தார்கள். தொழுநோயாளிகள். பிள்ளைகளை எட்டிப் போகச் சொல்லிவிட்டு, தகப்பனார் கையுறை மாட்டிக் கொண்டு அவர்களுடைய புண்களுக்குக் களிம்பு போட்டுக் கட்டுக் கட்டினார். ஏழைக்கெல்லாம் தயங்காமல் வைத்தியம் பார்க்கிற தகப்பனார் அன்று கையுறை போட்டது பையன் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

பையனை ஒன்பதாவது வயதில், 1923-இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தகப்பனாரை அவன் பிறகு பார்க்கவில்லை. 1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே விஷக் காய்ச்சலில் காலமானார். தாயார் மட்டும் மலைகளை விடவில்லை. தள்ளாத வயதிலும் இரண்டு கையிலும் இரண்டு மூங்கில் கழியை ஊன்றிக் கொண்டு மலை மலையாக ஏறி இறங்கி, 1974-இல் தொண்ணூற்றைந்தாவது வயதில் கண்ணை மூடினார். அந்த அம்மாளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது மகன்.

1946-இல் டாக்டர் பால் பிராண்ட் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்குப் போனபோது, முடங்கிய கைகளையும் புண் பிடித்த கால்களையும் பார்த்தார். எலும்பு வைத்தியர்கள் இவர்களுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்று பதில் கிடைத்தது. இந்த வியாதி வந்தால் சதை தானாகவே அழுகும், விரல் தானாகவே உதிரும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அன்று வைத்தியர்கள் உட்பட எல்லாருடைய தீர்மானம்.

பிராண்ட் அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை. புண் பிடித்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வைத்தால் மற்றவர்களுடைய புண்ணைப் போலவே அதுவும் ஆறியது. இது முற்றிலும் புது முறை அல்ல. 1930-களிலேயே இந்தியாவில் ஜோசப் கான், இலங்கையில் மில்ராய் பால் ஆகிய டாக்டர்கள் செய்து பார்த்ததுதான். ஆனால் பிராண்ட் அதிலிருந்து கேட்ட கேள்வி முக்கியமானது. ஆறுகிற சதை அழுகின சதையாக எப்படி இருக்கும்? சதையில் குற்றமில்லை என்றால், கட்டை அவிழ்த்த சில வாரங்களில் மறுபடியும் புண் வருவானேன்?

அவர் நோயாளிகளின் நடையைப் பார்த்தார். உள்ளங்காலில் ஆழமான புண்ணோடு ஒருவன் ஓட்டமாக ஓடி வருகிறான், நொண்டவில்லை! அங்கேதான் விஷயம் இருந்தது. நீங்களும் நானும் நெடுந்தூரம் நடந்தால், நமக்குத் தெரியாமலே நடை மாறிவிடும். குதிகால் சலித்தால் பாரம் முன்பாதத்துக்குப் போகும். சுண்டுவிரல் சிவந்தால் கால் சற்றே உட்பக்கம் சாயும். நாம் யோசித்துச் செய்வதில்லை. உள்ளே ஒரு காவற்காரன் உட்கார்ந்து கொண்டு, "இந்த இடம் போதும், அடுத்த இடத்துக்கு மாற்று" என்று கட்டளை இட்டுக் கொண்டே இருக்கிறான். வலி என்பது அவன் குரல். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுத்து அந்தக் குரலை அடைத்து விடுகிறது. அப்புறம் ஒரே இடம் ஆயிரம் அடிக்கும் ஆயிரம் முறை மிதிபடுகிறது. கிருமி புண்ணை உண்டாக்கவில்லை, நடை உண்டாக்கியது.

வேலூரில் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமற் போகும் மர்மமும் இப்படித்தான் துலங்கியது. காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவன் விரலை எலி கடித்துக் கொண்டிருந்தது. அவனோ அயர்ந்து தூங்கிக் கொண்டிருந்தான். அதற்குப் பரிகாரம், வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை! வைத்திய சாஸ்திரத்தில் பூனை மருந்துச் சீட்டில் ஏறியது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பிராண்டுக்கே அந்தக் காவற்காரனின் அருமை தெரிந்த இரவு ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, நெரிசலான ரயிலில் லண்டன் போய்ச் சேர்ந்து, அறையில் காலுறையைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. ஆண்டுக் கணக்காகத் தொழுநோயாளிகளோடு பழகியவர் அன்று இரவு தூங்கவில்லை. மனைவி மக்களை இனித் தொடலாமா என்று கணக்குப் போட்டுக் கொண்டே விடியும்வரை படுத்திருந்தார். காலையில் மறுபடியும் குத்தினார். 'ஆ!' என்று கத்தினார். ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர்.

காவற்காரன் போனவர்களுக்கு வேறு காவல் வேண்டும். மரக்கட்டைச் செருப்பு முதல் என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பருக்கு வந்தார்கள். காலுக்கு மேலே மெத்து. தரைக்கு முள் ஏறாத மோட்டார் டயர்த் தோல். ஆணி மட்டும் கூடவே கூடாது. செருப்பில் கிளம்பிய ஆணி, உணர்ச்சியற்ற காலில் நாள் முழுதும் ஏறிக் கொண்டிருக்கும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஆள் போய்க் கொண்டிருப்பார். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை தொடர்ந்து நடந்தது. பிராண்ட் 1960-களில் அமெரிக்காவுக்குப் போய், லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனையில் வேலை பார்த்து, 2003-இல் காலமானார்.

கார்வில்லில் அவர் கண்டதுதான் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு நேராக வந்து தைக்கிற விஷயம். தொழுநோயாளிகளின் காலில் தாம் பார்த்த அதே புண், அதே இடத்தில், நீரிழிவுக்காரர்களின் காலிலும் இருந்தது. அங்கே டாக்டர்கள் இரத்த ஓட்டத்தைப் பழி சொல்லிக் காலை எடுத்துக் கொண்டிருந்தார்கள். இரத்த ஓட்டக் குறைவும் உண்டுதான். ஆனால் பலருக்கு முதல் குற்றவாளி மரத்துப் போன நரம்பு. சர்க்கரை ஆண்டுக் கணக்கில் மிகுந்திருந்தால் நரம்பின் நுனிகள் கெடுகின்றன. மிக நீளமான நரம்பு காலுக்குப் போவது, ஆகையால் கால்தான் முதலில் மரக்கிறது.

சர்க்கரை வியாதி இல்லாத வீடு இன்று தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்? அந்த வீடுகளில் எல்லாம், "எனக்குக் காலில் ஒரு வலியும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லுகிற ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையைக் கேட்டால் பயமாக இருக்கிறது. ஊசியால் குத்திப் பரீட்சை செய்ய வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, கால் விரல் நுனிகளை உங்கள் விரலால் மெல்லத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இரவு படுக்கு முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்தால் போதும். புறங்கையால் தடவிப் பார்த்து, ஓரிடம் மட்டும் சுட்டால் அங்கே புண் புறப்படத் தயாராகிறது என்று அர்த்தம். அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும். வெந்நீரில் காலை விடுமுன் இன்னொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

உணர்ச்சி உள்ள நம் கால்களுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. பித்த வெடிப்புக்கும் பித்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. உள்ளங்காலின் தோலில் எண்ணெய்ச் சுரப்பி இல்லை. காய்ந்து தடித்த தோல், உடம்பின் பாரத்தில் பிளக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் மெல்லத் தேய்த்து, ஈரம் முழுதும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாஸலினோ தடவினால் சில வாரங்களில் பிளவு மூடும். ஆனால் விரல் இடுக்கில் எண்ணெய் கூடாது. அங்கே வருவது சேற்றுப்புண்; ஈரத்தில் வளருகிற பூஞ்சை. துணியால் இடுக்கு இடுக்காகத் துடைப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. மீதிக்குக் களிம்பு. கால் ஆணிக்கு வேர் உண்டு என்று நம்பிப் பிளேடால் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர் இல்லை, இருப்பது செருப்பின் அழுத்தம். அதை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் மறுபடியும் முளைக்கும். கடையில் விற்கிற ஆணிப் பட்டை தோலைக் கரைக்கிற அமிலம். சர்க்கரைக்காரர்கள் அதைத் தொடவே கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். மூலையைக் குடைந்தால் நகம் சதைக்குள் வளரும். செருப்பு வாங்கச் சாயங்காலம் போவது நல்லது. அப்போது கால் சற்று வீங்கி, தன் முழு அளவில் இருக்கும்.

கோயில் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. சித்திரை வெயிலில் கருங்கல் பிராகாரம் தோசைக்கல்லாகக் காய்கிறது. நாமெல்லாம் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுகிறோம். கால் மரத்த பெரியவர் நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றுகிறார். வீட்டுக்கு வந்த பிறகு உள்ளங்கால் முழுதும் கொப்புளம். பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். தரிசனத்தை விடியற்காலைக்கு மாற்றிக் கொள்ளலாம். தடித்த பருத்திக் காலுறை போட்டுக் கொள்ளலாம்.

வேலூரிலும் கரிகிரியிலும் உருவான அந்த ரப்பர்ச் செருப்பை அந்த நாளில் தொழுநோயாளிகள் பலர் போட்டுக்கொள்ள மறுத்தார்கள். காலுக்குச் சுகமாக இருந்தது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அது இன்ன வியாதிக்காரர் செருப்பு என்று தெரிந்துவிடும், பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போய்விடுவார். இன்று அதே நுண்ணறை ரப்பர், வார்களின் நிறமும் தையலும் மாறி, சர்க்கரைக்காரர்களுக்கான செருப்பு என்ற பெயரில் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மோட்டாரில் வந்து இறங்குகிற பெரிய மனிதர்கள் விலை பேசாமல் வாங்கிப் போகிறார்கள்.